சங்கீதமும் பிறவியும்

ஜர்மனி தேசத்தில் லீப்சிக் என்னும் பட்டணத்தில், கோல்ட்ஷ்மிட் தெருவில் 12-ம் நெம்பர் வீடு ஒன்று இருக்கின்றது. அந்த வீட்டைப் பற்றி நாம் எழுதப் புகுந்ததைக் கண்டு, "எங்கேயோ இருக்கின்ற ஒரு வீட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஒரு மனிதனுக்கு வித்தை வருவதும் வராததும் அவன் பிறந்த பிறவியைப் பொறுத்ததா, அல்லது அவனுக்குக் கிடைத்த கல்வியையும் வசதியையும் பொறுத்ததா என்கின்ற கேள்வி எங்கெல்லாம் எழுகின்றதோ, அங்கெல்லாம் நமக்கும் சம்பந்தம் உண்டு என்பதே நமது பதில். அந்தக் கேள்விக்கு வேண்டிய சாட்சியங்கள் அந்த ஒரே வீட்டுக்குள் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

அந்த வீட்டில் 1845-ம் வருஷம் முதல் குடியிருந்து, 1847-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி 38-வது வயதில் அங்கேயே இறந்து போனவர் பெலிக்ஸ் மெண்டல்சன் என்கின்ற சங்கீத கர்த்தா. மேல்நாட்டுக் கலியாணங்களில் வாசிக்கப்படுகின்ற பிரசித்தி பெற்ற கலியாண ஊர்வல வாத்தியம் அவர் இயற்றியதுதான். அவர் இறந்து 150 வருஷம் ஆன 1997-ல் அந்த வீடு ஒரு பொருட்காட்சி சாலையாகத் திறக்கப்பட்டது. பிறகு 2014-ல் அதே வீட்டில் "எபெக்டோரியம்" என்று பெயரிட்டு, ஒளியும் ஒலியும் யந்திரமும் சேர்ந்த ஒரு நூதன ஏற்பாட்டைச் செய்து வைத்தார்கள். நாம் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

சாதாரணமாகப் பெரியவர்கள் குடியிருந்த வீட்டைக் காப்பாற்றுவதென்றால் என்ன செய்வார்கள்? அவர் உட்கார்ந்த நாற்காலி, அவர் எழுதிய பேனா, அவர் போட்டிருந்த சட்டை, அவர் தலைமயிர் ஒரு கற்றை, இவைகளையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, "தொடாதே" என்று ஒரு பலகையும் தொங்கவிட்டு விடுவார்கள். வருகின்ற ஜனங்களும் மெதுவாக நடந்து, மெதுவாகப் பேசி, பயபக்தியோடு பார்த்துவிட்டுப் போவார்கள். இதற்கும் கோவிலுக்குப் போய் வருவதற்கும் நமக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. அங்கே கர்ப்பக்கிரகம் என்றால் இங்கே கண்ணாடிப் பெட்டி. அங்கே பூசாரி என்றால் இங்கே காவல்காரன். பார்த்து வந்தவனை, "அந்த மனிதன் என்ன செய்தான், எப்படிச் செய்தான், அவனால் செய்ய முடிந்தது ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. "பெரிய மகான்" என்பான். அவ்வளவுதான். இப்படி ஒரு மனிதனுடைய உழைப்பை மறைத்து அவனை மகானாக்கி வைப்பது அவனுக்கு மரியாதை செய்வதாகாது. பார்க்க வந்தவனை மடையனாக்குவதாகவே ஆகும்.

எபெக்டோரியம் இதற்கு நேர் விரோதமானது. ஓர் அறையில் ஆள் உயரத்துக்குப் பல ஒலிபெருக்கித் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொரு தூணும் வாத்திய கோஷ்டியில் ஒரு பிரிவுக்கோ அல்லது பாட்டுக்காரர்களில் ஒரு பிரிவுக்கோ பதிலாக நிற்கின்றது. பிடிலுக்கு ஒரு தூண், ஊதுகுழலுக்கு ஒரு தூண் என்று வைத்துக் கொள்ளலாம். எதிரே கோஷ்டியை நடத்துகின்றவர் நிற்க வேண்டிய மேடை. பார்க்க வந்தவர் அந்த மேடையிலே ஏறிக் கையில் கோலை எடுத்து ஆட்ட வேண்டியதுதான். அவர் கையின் அசைவை ஒரு சிறு கருவி உணர்ந்து கொள்ளுகின்றது. கை வேகமாக ஆடினால் மெண்டல்சனுடைய இசை வேகமாகப் போகின்றது. மெதுவாக ஆடினால் மெதுவாகப் போகின்றது. ஒரு பிரிவை மாத்திரம் அடக்கி மற்றதைக் கேட்கலாம். தூண்களுக்கு நடுவிலே நடந்து போய் ஒவ்வொன்றாகக் காது கொடுத்தும் கேட்கலாம்.

இதைச் சில சங்கீத பக்தர்கள் "பிள்ளை விளையாட்டு" என்றும், "மகான் உயிர் நீத்த வீட்டின் புனிதத்தைக் கெடுக்கின்ற காரியம்" என்றும் சொல்லக்கூடும். புனிதம் என்கின்ற வார்த்தைக்கு நாம் பதில் சொல்லப் போவதில்லை. விளையாட்டு என்பதற்கு மாத்திரம் ஒரு வார்த்தை சொல்லுகின்றோம். லீப்சிக்கிலே மெண்டல்சன் 1835-ல் கெவாண்ட்ஹவுஸ் என்னும் சங்கீத சபையின் வாத்திய கோஷ்டிக்குத் தலைவராக வருவதற்கு முன்பு, வாத்திய சங்கீதத்தை முதல் பிடில்காரரே தம் இடத்திலிருந்து நடத்துவது வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றி, கோஷ்டிக்கு எதிரே நின்று கோல் பிடித்து நடத்தியவர் மெண்டல்சன். அன்றைக்கு அதுவே நூதனம். ஆகவே இன்றைக்குப் புனிதம் என்று கும்பிடப்படுகின்ற கோலும் ஒரு காலத்தில் நூதனமாகத்தான் வந்தது என்பதை அந்தப் பக்தர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளட்டும்.

அன்றியும் அந்த அறையிலே ஒரு பாமர மனிதன் தெரிந்து கொள்ளுவது சாமானியமான சங்கதியல்ல. தூரத்தில் உட்கார்ந்து கேட்கும்போது ஏதோ தெய்வீகம் ஒன்று மேலிருந்து இறங்கி வருவதுபோலத் தோன்றுகின்ற இசையானது, உண்மையில் பல பேர் பல வாத்தியங்களில் செய்கின்ற தனித்தனி வேலைகள் கணக்காக ஒன்று சேர்வதுதான் என்பதை அவன் தன் காதாலேயே பிரித்துக் கேட்டுத் தெரிந்து கொள்ளுகின்றான். எந்த ஓர் அற்புதத்தையும் பிரித்துக் காட்டிவிட்டால் அது அற்புதமாக நில்லாமல் அறிவாக மாறிவிடும். அப்படி மாறிய பிறகும் அதன் இனிமை குறைவதில்லை. கடிகாரத்தின் உட்சக்கரங்களைப் பார்த்தவனுக்குக் கடிகாரத்தின் பேரில் மதிப்பு அதிகமாகுமே தவிர குறையாது.

நிற்க, நமது பக்கத்திலிருந்தும் ஓர் ஆட்சேபனை வரலாம். "கோலை ஆட்டினவனெல்லாம் சங்கீதம் தெரிந்தவன் ஆகிவிடுவானா? இது ஜனங்களுக்கு வீண் பெருமையை உண்டாக்குகின்ற காரியமல்லவா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோலை ஆட்டினால் சங்கீதம் வந்துவிடாது. அது கற்றால்தான் வரும். ஆனால் கற்பதற்கு என்ன வேண்டும் என்பதையும் அந்த வீடே சொல்லுகின்றது. மெண்டல்சன் தாய் வயிற்றிலிருந்து வரும்போதே வித்தையோடு வந்தவரல்ல. அவர் தகப்பனார் ஆபிரகாம் பெர்லினில் பணம் படைத்த பாங்கிக்காரர். பிள்ளைகளுக்கு ஜெல்டர் என்கின்ற பேர்பெற்ற ஆசிரியரை வைத்துச் சங்கீத இலக்கணம் சொல்லிக் கொடுத்தார். வீட்டிலேயே ஞாயிற்றுக்கிழமைதோறும் கச்சேரி வைத்து, கூலி கொடுத்து வாத்தியக்காரர்களை வரவழைத்து, பிள்ளை எழுதியதைப் பிள்ளையே வாசித்துப் பார்க்கும்படி செய்தார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தான் எழுதியது எப்படிக் கேட்கின்றது என்பதை உடனே தெரிந்து கொள்ளுவதற்கு ஒரு வாத்திய கோஷ்டியே காத்திருந்தது. அப்படியிருக்க அவர் 20-வது வயதில், 1829-ல், பெர்லினில் பாக் என்பவருடைய மத்தேயு பாடுகள் என்கின்ற பெரிய சங்கீதத்தை, அது வெகு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த பிறகு, எடுத்து நடத்தினார் என்றால் அதில் கடவுள் அருளுக்கு இடம் எங்கே இருக்கின்றது? புத்தியும் உழைப்பும் அவருடையவை. அதற்கு வேண்டிய வசதி தகப்பனாருடையது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அந்தக் குடும்பம் யூதக் குடும்பம். பெலிக்ஸின் பாட்டனார் மோசஸ் மெண்டல்சன் 1743-ல், 14 வயதுப் பையனாக, டெசாவ் என்கின்ற ஊரிலிருந்து பெர்லினுக்கு நடந்தே வந்து சேர்ந்தவர். ஏழைப் பையனாகத் தாமே கற்றுப் பெரிய தத்துவ சாஸ்திரியானார். 1763-ல் பிரஷ்ய சாஸ்திர சங்கம் நடத்திய கட்டுரைப் பரீட்சையில் முதல் பரிசு அவருக்குக் கிடைத்தது. உலகமெல்லாம் கொண்டாடுகின்ற காண்ட் என்னும் தத்துவ சாஸ்திரி அதே பரீட்சையில் அவருக்கு அடுத்தபடிதான் வந்தார். ஆனாலும் 1771-ல் அந்தச் சங்கத்தார் மோசஸை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தபோது, பிரடரிக் ராஜா அதற்குச் சம்மதம் கொடுக்கவில்லை. பரிசு வாங்க யோக்கியதை உண்டு, ஆனால் பக்கத்தில் உட்கார யோக்கியதை இல்லை! இந்த நியாயம் நமது வாசகர்களுக்குப் புதியதாக இருக்காது என்று நினைக்கின்றோம்.

பேரப்பிள்ளைகளுக்காவது இந்தத் தொல்லை இருக்கக்கூடாதென்று ஆபிரகாம் 1816-ல் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ ஞானஸ்நானம் செய்வித்தார். குடும்பப் பெயரோடு "பார்தோல்டி" என்று வேறொரு பெயரும் சேர்த்தார். பிற்பாடு மெண்டல்சன் என்கின்ற பெயரையே விட்டுவிடும்படி பெலிக்ஸுக்கு எழுதியும் பார்த்தார். பெலிக்ஸ் விடவில்லை. மதம் மாறியதனால் பிறவி இழிவு தீர்ந்ததா என்றால், அதுவும் தீரவில்லை. பெலிக்ஸ் இறந்து மூன்று வருஷத்துக்குள், 1850-ல், வாக்னர் என்கின்ற இன்னொரு பெரிய சங்கீத கர்த்தா, தம் பெயரை மறைத்துக் கொண்டு புனைபெயரில் ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். மெண்டல்சனுக்குப் படிப்பும் திறமையும் நாகரிகமும் எவ்வளவு இருந்த போதிலும், யூதராய்ப் பிறந்தவராகையால் உள்ளத்தை உருக்குகின்ற சங்கீதம் அவரிடமிருந்து வர முடியாது என்பதே அதன் சாரம். 1869-ல் அதையே தம் சொந்தப் பெயரைப் போட்டுத் தனிப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

நாம் கேட்கின்றோம். ஒரு மனிதனுடைய சங்கீதம் உள்ளத்தை உருக்குகின்றதா இல்லையா என்பதைக் காதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டுமா, அல்லது அவன் பாட்டன் எந்தக் கோவிலுக்குப் போனான் என்பதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டுமா? "உனக்கு வித்தை தெரியும், ஆனால் உன் பிறவிக்கு அது வராது" என்கின்ற வாதம் எந்தத் தேசத்தில், எந்தப் பாஷையில் சொல்லப்பட்டாலும் ஒரே வாதந்தான். தோற்றுப் போகின்றவன் கடைசியாகப் பிடித்துக் கொள்ளுகின்ற மரக்கிளை அது.

இது வெறும் காகிதச் சண்டையோடு நின்றதா? நிற்கவில்லை. லீப்சிக் நகரத்தார் 1892-ல் கெவாண்ட்ஹவுஸ் முன்பாக மெண்டல்சனுக்கு ஒரு சிலை வைத்தார்கள். 1936-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், நகரத் தலைவர் கோர்டெலர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, நாஜிக் கட்சியார் ஓர் இரவில் அந்தச் சிலையைப் பெயர்த்துக் கொண்டு போய் விட்டார்கள். திரும்பி வந்த கோர்டெலர் அதைப் பொறுக்காமல் 1937-ல் தமது பதவியை விட்டார். பிறகு ஹிட்லரை ஒழிப்பதற்கான சதியில் சேர்ந்து, 1945-ல் தூக்கிலிடப்பட்டார். நாஜிகள் சிலையோடும் விடவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுக்கு மெண்டல்சன் எழுதிய இசையை நாடக மேடையிலிருந்து விலக்கி, அதற்குப் பதிலாக வேறு ஆட்களைக் கொண்டு புது இசை எழுதச் சொன்னார்கள். யூதனுடைய சங்கீதம் உள்ளத்தைத் தொடாது என்பது உண்மையானால், செத்து 89 வருஷமான ஒருவனுடைய சிலையை இருட்டிலே திருட்டுத்தனமாக எடுப்பானேன்? அவன் எழுதிய இசைக்குப் பயந்து வேறு இசை தேடி அலைவானேன்? தொடாத ஒன்றுக்கு யாராவது தடை போடுவார்களா? அவர்கள் செய்த காரியமே அவர்கள் சொன்ன வாதத்துக்கு மறுப்பாகும்.

அந்தச் சிலையைப் போலவே செய்த வேறொரு சிலை 2008-ம் வருஷத்தில் லீப்சிக் தோமையார் கோவிலுக்கு எதிரே வைக்கப்பட்டது. பெயர்த்தெடுத்த 72 வருஷத்துக்குப் பிறகு!

இவ்வளவும் சொல்லிவிட்டு நாம் இங்கேயே நிறுத்திவிட்டால் பாதி உண்மையைச் சொன்னவர்களாகவே ஆவோம். ஏனெனில் அந்த வீட்டிலே மேல் மாடி ஒன்று உண்டு. அது 2017-ல் பெலிக்ஸின் தமக்கையார் பானி ஹென்சல் அம்மையாருக்காகத் திறக்கப்பட்டது. பானி 1805-ல் பிறந்தவர். அதே தகப்பன், அதே தாய், அதே வீடு, அதே பணம், அதே ஜெல்டர் என்னும் ஆசிரியர், அதே ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி. தம்பிக்குக் கிடைத்ததெல்லாம் அவருக்கும் கிடைத்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றுதான் அனுமதி. 1820-ல் தகப்பனார் எழுதிய கடிதத்தில், சங்கீதம் பெலிக்ஸுக்குத் தொழிலாக ஆகக்கூடும் என்றும், பானிக்கோ அது ஓர் அலங்காரமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் தெரிவித்துவிட்டார். பெண்ணுக்கு மூக்குத்தியும் தோடும் போல சங்கீதமும் ஒரு நகை!

அந்த அம்மையார் 450-க்கு மேற்பட்ட சங்கீதங்களை இயற்றினார். அவைகளில் ஆறு பாட்டுகள் தம்பியின் இரண்டு புத்தகங்களில் தம்பியின் பெயராலேயே அச்சாகி வெளிவந்தன. 1842-ல் லண்டனில் விக்டோரியா ராணி, "உம்முடைய பாட்டுகளில் எனக்குப் பிடித்தது" என்று பெலிக்ஸின் முன்பாக ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார். அது தம் தமக்கையின் பாட்டு என்பதை பெலிக்ஸ் ராணியிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படி ஒப்புக்கொண்டது யோக்கியமே. ஆனால் அதே பெலிக்ஸ்தான் 1837-ல், தமக்கை தம் பெயரில் புத்தகம் வெளியிடுவதைத் தாம் ஆதரிக்க முடியாதென்று தாயாருக்குக் கடிதம் எழுதியவர். பானி கடைசியாக 1846-ல், தம் 40-வது வயதில், துணிந்து தம் சொந்தப் பெயரில் வெளியிட ஆரம்பித்தார். மறு வருஷம் மே மாதம் 14-ந் தேதி, வீட்டுக் கச்சேரிக்கு ஒத்திகை நடத்திக் கொண்டிருக்கும்போதே நோய் கண்டு இறந்து போனார். அந்தத் துக்கம் தாங்காமல் நொந்து போன பெலிக்ஸும் ஆறு மாதத்துக்குள் இறந்தார்.

இறந்த பிறகாவது அம்மையாருக்கு நியாயம் கிடைத்ததா? அவர் 1828-ல் இயற்றிய ஈஸ்டர் சொனாட்டா என்கின்ற பியானோ சங்கீதத்தின் கையெழுத்துப் பிரதி 1970-ல் பாரிஸில் கண்டெடுக்கப்பட்டபோது, அது பெலிக்ஸ் எழுதியதாகவே வைத்துக் கொள்ளப்பட்டது. 2010-ல் அமெரிக்க சங்கீத ஆராய்ச்சிக்கார அம்மையார் ஒருவர் கையெழுத்தையும் ஏடுகளையும் ஒத்துப் பார்த்து, அது பானி எழுதியதென்று ரூபித்தார். அதன் பிறகு 2017-ம் வருஷம் மார்ச் 8-ந் தேதி, பெண்கள் தினத்தன்று, லண்டனில் அது பானியின் பெயராலேயே வாசிக்கப்பட்டது. எழுதிய கைக்கும் எழுதியவர் பெயருக்கும் நடுவே வெகு காலம் குறுக்கே நின்றது.

இப்பொழுது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். யூதனாகப் பிறந்ததனால் வித்தை வராது என்று ஒருவன் சொன்னபோது அது அநியாயம் என்று எல்லோருக்கும் தெரிகின்றது. பெண்ணாகப் பிறந்ததனால் வித்தை தொழிலாகாது என்று தகப்பன் சொன்னபோது அது குடும்ப ஒழுங்கு என்று பெயர் பெறுகின்றது. மேலே இருக்கின்றவன் தன்னை மிதிக்கின்றான் என்று அழுகின்றவன், தன் காலின் கீழ் யார் கிடக்கின்றார் என்று குனிந்து பார்ப்பதில்லை. பிறவி வித்தியாசத்தை ஒழிக்க விரும்புகின்றவர்கள் தெருவிலே ஒழிப்பதோடு நிற்காமல், தங்கள் வீட்டுச் சமையலறையிலும் ஒழிக்க வேண்டும் என்று நாம் ஓயாமல் சொல்லி வருவதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இது பழங்கதை என்றும் யாரும் தள்ளிவிட முடியாது. லீப்சிக் வீடு பொருட்காட்சி சாலையாகத் திறக்கப்பட்ட அதே 1997-ம் வருஷத்தில்தான், உலகப் பிரசித்தி பெற்ற வியன்னா பில்ஹார்மோனிக் என்னும் வாத்திய கோஷ்டியார் பெண்களை அங்கத்தினராகச் சேர்த்துக் கொள்ளுவதென்று தீர்மானித்தார்கள். அப்படி முதலில் சேர்க்கப்பட்ட அம்மையார் அதற்கு முன்பே 20 வருஷத்துக்கு மேலாக அவர்களோடு உட்கார்ந்து ஹார்ப் வாசித்து வந்தவர். வாசிக்கலாம், ஆனால் அங்கத்தினர் ஆகக்கூடாது! 1771-ல் மோசஸுக்குச் சொல்லப்பட்ட நியாயம் 1997 வரையில் வேறொரு வாசலில் உட்கார்ந்து கொண்டிருந்தது. அமெரிக்காவிலும் மற்ற தேசங்களிலும் பல வாத்திய கோஷ்டியார் புது ஆளைப் பரீட்சிக்கும்போது நடுவே திரை கட்டி, ஆளைப் பாராமல் வாசிப்பை மாத்திரம் கேட்டு முடிவு செய்யும் ஏற்பாட்டைக் கைக்கொண்டார்கள். மனிதர்களுடைய கண் நியாயமாக நடந்து கொள்ளாது என்று தெரிந்துதான் காதை மட்டும் நம்பினார்கள்.

ஆகவே எபெக்டோரியத்தை நாம் மெச்சுவதன் காரணம் அதன் யந்திர வேடிக்கை அல்ல. அந்தக் கருவியானது எதிரே நிற்கின்றவனுடைய கை ஆடுவதை மாத்திரம் பார்க்கின்றது. அது ஆண் கையா, பெண் கையா, யூதன் கையா, கிறிஸ்தவன் கையா, பாங்கிக்காரன் கையா, கூலிக்காரன் கையா என்று கேட்பதில்லை. அன்றைக்குப் பானிக்கு மறுக்கப்பட்ட மேடையில் இன்றைக்கு எந்தச் சிறுமியும் ஏறிக் கோல் பிடிக்கலாம். ஆனால் இந்தப் பெருமை யந்திரத்தைச் சேர்ந்ததல்ல என்பதையும் மறந்து விடக்கூடாது. யந்திரத்துக்கு நியாயமும் தெரியாது, அநியாயமும் தெரியாது. கேட்காமல் இருக்கும்படி அதைச் செய்து வைத்தவர்கள் மனிதர்கள். கேட்டுத் தடுக்கும்படியும் மனிதர்கள் செய்யக்கூடும். ஒரு கருவியைச் செய்யும்போது நமக்கு வருகின்ற இந்தப் புத்தி, ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தும்போதும், ஓர் உத்தியோகத்தைக் கொடுக்கும்போதும், ஒரு குடும்பத்தை நடத்தும்போதும் ஏன் வருவதில்லை என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஒருவன் அந்த அறையிலே பத்து நிமிஷம் கோலை ஆட்டி மகிழ்ந்து விட்டு, மேல் மாடிக்குப் போகாமலும், அந்தச் சிலை ஏன் எடுக்கப்பட்டது என்று விசாரிக்காமலும் வெளியே வந்துவிட்டால், அவன் திருவிழாவில் ராட்டினம் சுற்றி வந்தவனுக்குச் சமானம். ஆகையால் எந்த ஊரில் எந்தப் பெரியவருக்கு ஞாபகச் சின்னம் வைத்தாலும், அதைப் பார்க்கப் போகின்றவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த மனிதனுக்கு இந்த வித்தை வருவதற்கு யார் பணமும் யார் உழைப்பும் உதவின? இவனை இந்த இடத்துக்கு வரவொட்டாமல் தடுக்கப் பார்த்தவர்கள் யார், என்ன காரணம் சொன்னார்கள்? இவனோடு கூடவே இருந்தும் வர முடியாமற் போனவர் யார்?

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுகின்ற வீடு பள்ளிக்கூடமாகும். சொல்லாத வீடு எவ்வளவு அழகாயிருந்தாலும், எத்தனை யந்திரம் வைத்திருந்தாலும் இன்னொரு கோவில்தான். கோவில்கள் உலகத்தில் வேண்டிய மட்டும் இருக்கின்றன. பள்ளிக்கூடங்கள்தான் போதவில்லை.